சங்கிலியை எங்கிருந்து தொடங்குவது? உட்கருவுக்குள் குரோமோசோமை மடிக்கும் சிமுலேஷனில் ஒரு சிக்கல்

தறிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக ஒரு குரோமோசோமைக் கணினியில் மடித்துப் பார்க்கிறேன். மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இந்த வேலையைச் செய்தவர்கள் என் கல்லூரியில் எவரும் இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

செய்தது இதுதான். 20,000 மணிகள் கோத்த ஒரு சங்கிலி. ஒரு மணிக்கு 5,000 கார இணைகள் (டி.என்.ஏவின் எழுத்து இணைகள்) என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10 கோடி. மனிதனின் 14ஆம் குரோமோசோம் ஏறத்தாழ அந்த நீளம். அடுத்தடுத்த மணிகளைச் சுருள்வில் போன்ற விசை பிடித்திருக்கிறது. மற்ற மணிகள் நெருங்கி வந்தால் ஒன்றையொன்று தள்ளும். ஓப்பன்எம்எம் என்ற சிமுலேஷன் நிரலில், வெப்ப உதைப்பும் உராய்வும் சேர்ந்த லாஞ்செவான் இயக்கமாக ஓட்டுகிறேன். தொடக்கத்தில் சங்கிலியைக் கண்டபடி அலையவிட்டு (ஒவ்வொரு அடியும் ஏதோ ஒரு திசையில்), பிறகு ஒரு கோளத்துக்குள் மெல்ல அழுத்தி அடைத்தேன். ஆற்றல் நிலைபெறும்வரை காத்திருந்தேன்.

அடுத்து தொடுகை நிகழ்தகவை அளந்தேன். அதாவது, சங்கிலி வழியே இரண்டு மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் கூடக்கூட, அவை ஒன்றையொன்று தொட்டிருக்கும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பது. 2009இல் லீபர்மன் ஐடன், யோப் டெக்கர், எரிக் லாண்டர் முதலியோர் டி.என்.ஏவில் எந்த இடம் எந்த இடத்தைத் தொடுகிறது என்று எண்ணும் ஹை-சி முறையை வெளியிட்ட கட்டுரையில், மனித செல்களில் 5 லட்சம் முதல் 70 லட்சம் கார இணைகள் வரையிலான தூரத்தில் மடக்கை வரைபடத்தின் சாய்வு ஏறத்தாழ −1 என்று இருக்கிறது. எனக்கு −1.5 வருகிறது. அதற்கு அப்பால் கோடு படுத்துவிடுகிறது, குறையவே இல்லை. நான்கு முறை வெவ்வேறு தொடக்கத்தோடு ஓட்டினேன். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகின்றன.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் அம்மா தறிக்குத் தார் சுற்றுபவர். நூல் சிக்கினால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று தெரிந்து வளர்ந்தவன் நான். இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள உட்கருவுக்குள், 46 துண்டுகளாக, ஒவ்வொன்றும் தனக்கென்று ஓரிடம் பிடித்துக்கொண்டு, சிக்காமல் கிடக்கிறது என்று முதல்முறை படித்த நாளிலிருந்து அது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை.

கேள்வி இரண்டு. என் நிரலில் பிழையா, அல்லது இயற்பியலில் எதையாவது விட்டுவிட்டேனா? சங்கிலியின் விறைப்பைக் கூட்டிக் குறைத்தால் சாய்வை −1-க்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்வது சரியா?

தரவுவழி எழுதியது:

நீங்கள் சுற்றுவழியில் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஹை-சி தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. அடிக்கடி தொடும் இடங்கள் அருகில், அரிதாகத் தொடும் இடங்கள் தொலைவில் என்று எண்ணிக்கையைத் தூரமாக மாற்றி, அந்தத் தூரங்களுக்கு மிகவும் ஒத்துவரும் முப்பரிமாண வடிவத்தைக் கணித்துவிடலாம். ரொட்டி ஈஸ்ட்டின் 16 குரோமோசோம்களுக்கும் 2010இலேயே இப்படி முப்பரிமாண மாதிரி வந்துவிட்டது. பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) இயற்பியல் எதுவும் வேண்டாம். இரண்டு நாள் வேலை.

பழைய பாலிமர் எழுதியது:

தம்பி, உங்கள் −1.5 பிழையில்லை. கோடு பிறகு படுத்துவிடுவதும் பிழையில்லை. நீங்கள் எதை ஓட்டினீர்களோ அதற்கு இயற்கை தரும் சரியான விடை அது. ஒரு பாலிமர் சங்கிலியைப் பெட்டிக்குள் அடைத்துச் சமநிலை அடையவிட்டால், சிறு தூரங்களில் −3/2, பிறகு சமதளம். சங்கிலி சுவரில் முட்டித் திரும்பத் திரும்ப, தான் எங்கிருந்து வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. அதனால் எந்த மணி எந்த மணியைத் தொடுவதும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. நீங்கள் குறிப்பிட்ட 2009 கட்டுரையே இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மனித உட்கருவில் இருப்பது சமநிலை உருண்டை அல்ல என்று காட்டியது. அதை நீங்கள் உங்கள் கையால் மறுபடி நிறுவியிருக்கிறீர்கள். ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் அதுதான், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

என் முனைவர் பட்டம் வளையப் பாலிமர்களின் உருகிய, நெருக்கமான நிலை பற்றியது. முனையில்லாத, முடிச்சில்லாத வளையங்கள் பல நெருக்கிக் கிடந்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருண்டு தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரசாயனத் துறையில் உட்கார்ந்து அந்தப் படங்களை ஐந்து ஆண்டுகள் பார்த்தேன். பிறகு ஒரு நாள் ஒரு உயிரியல் கருத்தரங்கில், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒவ்வொரு நிறம் பூசிய உட்கருவின் படத்தைத் திரையில் போட்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் வளையங்களே அங்கே கிடந்தன. மாஸ்கோவில் கிராஸ்பெர்க், நெச்சாயெவ், ஷாக்னோவிச் மூவரும் 1988இல், முடிச்சு விழாத சங்கிலி சட்டென்று சுருங்கினால் கசங்கிய உருண்டை ஒன்று உருவாகும் என்று கணக்கிலேயே சொல்லிவிட்டார்கள். ஹை-சி வருவதற்கு 21 ஆண்டுகள் முன்பு!

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். நீங்கள் விட்டது வரலாறு. உட்கருவில் உள்ள குரோமோசோம் கண்டபடி அலைந்து வந்து சேர்ந்ததில்லை. சற்று முன்புதான் செல் இரண்டாகப் பிரிந்தது. அப்போது அது இறுக்கமான உருளையாக, கண்ணி கண்ணியாக அடுக்கப்பட்டு இருந்தது. அங்கிருந்து தளர்ந்து விரிகிறது. நீண்ட சங்கிலிகள் பாம்புபோல நெளிந்து நெளிந்து ஒன்றோடொன்று முழுவதும் கலக்க வேண்டுமானால் ஆகும் காலத்தை ஆஞ்செலோ ரோசாவும் ரால்ஃப் எவராயர்சும் 2008இல் மதிப்பிட்டார்கள். மனித குரோமோசோமுக்கு அது நூற்றாண்டுக் கணக்கில் வருகிறது. வளர்ப்புத் தட்டில் உள்ள செல்லுக்கு அடுத்த பிரிவுவரை ஏறத்தாழ ஒரு நாள்தான். கலக்க நேரமே இல்லை. குரோமோசோம்கள் தனித்தனியாகக் கிடப்பதற்கு எவரும் வேலி கட்ட வேண்டியதில்லை.

ஆகவே சங்கிலியை உருளையாகக் கட்டித் தொடங்குங்கள். ரோஜா இதழ்போலக் கண்ணிகளை வட்டமாக அடுக்கி, அந்த வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும். ஒரே ஒரு சங்கிலியைத் தனிக் கோளத்தில் வைக்காதீர்கள். எட்டோ பத்தோ சங்கிலிகள் வேண்டும். அண்டை வீட்டார் இல்லாத ஊரில் எல்லைக்கு என்ன பொருள்? முனைகள் திறந்திருப்பதால் மிக நீண்ட நேரம் ஓட்டினால் இதுவும் மெல்ல மெல்லச் சமநிலைக்கு நகரும், அதையும் கவனத்தில் வையுங்கள்.

இன்னொன்றை உடனே பாருங்கள். இரண்டு மணிகள் ஒரே இடத்தில் வர நேர்ந்தால் அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவு என்று உங்கள் நிரலில் எழுதியிருக்கிறது? அது முடிவிலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பல மாதிரி நிரல்களில் வேண்டுமென்றே சில கே.டி. (வெப்ப ஆற்றலின் அலகு) உயரத்தில் நிறுத்தியிருப்பார்கள். அப்போது சங்கிலி சங்கிலிக்குள் புகுந்து அப்பால் போய்விடும். டோப்போஐசோமரேஸ் 2 என்ற நொதி செல்லில் உண்மையாகவே டி.என்.ஏவை வெட்டி, இன்னொரு இழையை நடுவே விட்டு, மறுபடி ஒட்டுகிறது. அதைக் காட்டுவதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. ஆனால் தெரியாமல் வைத்திருந்தால் நீங்கள் எந்தத் தொடக்கத்தைக் கொடுத்தாலும் சங்கிலி அதை மறந்துவிடும்.

விறைப்பைத் திருகுவது பற்றி. வேண்டாம். விறைப்பு சிறு தூரங்களில் கோட்டை மாற்றும். அதற்கு மேல் சமநிலைச் சங்கிலி −1.5-க்கே திரும்பும். எப்படியாவது ஒரு எண்ணைத் திருகி −1-ஐ எட்டிவிட்டாலும் உங்களுக்கு என்ன தெரிந்துவிடும்? ஒரு வளைவைப் பொருத்த ஒரு திருகு இருந்தது என்பது மட்டும் தெரியும். மாதிரி கட்டும்போது பயன்படுத்தாத வேறொரு அளவீட்டை அது சொல்ல வேண்டும். அதுவரை அது ஒட்டுவேலைதான்.

தரவுவழி அவர்களுக்கு ஒரு சொல். ஈஸ்ட்டில் நீங்கள் சொல்வது ஓரளவு நியாயம். அதன் குரோமோசோம்கள் சிறியவை, சென்ட்ரோமியர்கள் (செல் பிரிவில் குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடங்கள்) எல்லாம் ஒரே இடத்தில் கட்டப்பட்டிருக்கின்றன, அதனால் செல்லுக்குச் செல் பெரிய மாற்றம் இல்லை. மனித செல்லில் அப்படியில்லை. ஹை-சியில் செல்களை ஃபார்மால்டிஹைடால் உறையவைத்து, டி.என்.ஏவை நொதியால் வெட்டி, அருகருகே கிடந்த முனைகளை ஒட்டி, ஒட்டியவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். வழக்கமாக லட்சக்கணக்கான செல்களின் தொகுப்பு. ஒரு வீட்டில் தந்தைக்கு மில்லில் இரவு ஷிப்ட், தாய்க்குப் பகல் ஷிப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தந்தை குழந்தையோடு, இரவில் தாய் குழந்தையோடு. ஒரு வாரத்துப் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மூவரும் சேர்ந்தே இருக்கும் வீடு என்று வரும். அந்த நேரம் அந்த வீட்டில் ஒருபோதும் வந்ததில்லை. நீங்கள் கணிக்கும் ஒற்றை வடிவமும் எந்தச் செல்லிலும் இல்லாத வடிவமாக இருக்கலாம். வடிவத்தைத் தேடாதீர்கள், ஆயிரம் வடிவங்களையும் உண்டாக்கும் விதியைத் தேடுங்கள்.

தறிவீடு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நிரலைத் திறந்து பார்த்தேன். விலக்க ஆற்றலின் உயரம் 3 கே.டி. என்று இருந்தது. ஒரு மாதிரி நிரலிலிருந்து எடுத்த வரி அது. அதை 10 ஆக்கினேன். எட்டுச் சங்கிலிகளை உருளைகளாகக் கட்டி, எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றோடொன்று இணைந்த பெட்டிக்குள் வைத்துத் தளரவிட்டேன். ஒன்பது நாட்கள் ஓடின.

10 லட்சத்திலிருந்து 70 லட்சம் கார இணைகள் வரை சாய்வு −1.1 வருகிறது. எட்டு நிறங்கள் கொடுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கிறது. உயரத்தை மறுபடி 3 ஆக்கி அதே தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். நிறங்கள் கலந்துவிட்டன.

இதை அம்மாவிடம் காட்டினேன். நூல் சிட்டத்துக்கு நான்கு இடத்தில் குறுக்குக் கட்டு போட்டிருக்கும், ராட்டினத்தில் ஏற்றிய பிறகுதான் அந்தக் கட்டை அறுக்க வேண்டும், முன்பே அறுத்தால் நூல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும் என்றார். செல் பிரிவின்போது உள்ள கண்ணிகள் அந்தக் கட்டைப் போன்றவை என்று புரிந்துகொள்ளலாமா?

ஆனால் 5 லட்சத்துக்குக் கீழே என் கோடு பொருந்தவில்லை. உண்மையான தரவில் அங்கே கோடு சற்று மேலே புடைத்திருக்கிறது. என்னுடையதில் அந்தப் புடைப்பு இல்லை.

பழைய பாலிமர் எழுதியது:

உங்கள் அம்மா சொன்னது சரியான ஒப்பீடு. உட்கரு அந்தக் கட்டுகளை அறுப்பதோடு நிற்காமல் புதிய கட்டுகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் காணும் புடைப்பு அதனால் வருவது.

கொஹீசின் என்ற புரதம் டி.என்.ஏவைப் பிடித்துக் கண்ணியாக இழுத்துப் பெரிதாக்குகிறது, பிறகு விட்டுவிட்டு விலகுகிறது. சி.டி.சி.எஃப். என்ற புரதம் அமர்ந்த இடங்களில் அந்த இழுப்பு நிற்கிறது. 2014இல் நுண்ணிய ஹை-சி வரைபடம் வந்தபோது ஏறத்தாழ 10,000 கண்ணிகள் தெரிந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருமுனையிலும் உள்ள சி.டி.சி.எஃப். குறிகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தன. இது வெறும் தற்செயல் மோதலால் நடக்க வழியே இல்லை. லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் உள்ள குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு மிதக்கும் புரதத்துக்கு எப்படித் தெரியும்? நூல் வழியே நகர்ந்து வந்தால் மட்டுமே தெரியும். 2015, 2016இல் ஐடன் குழுவும் எம்.ஐ.டி.யில் லியோனிட் மிர்னி குழுவும் இதைச் சிமுலேஷனில் போட்டுக் காட்டினார்கள். அப்போது அது காகிதத்தில் மட்டுமே. 2018இல் டெல்ஃப்ட்டில் கேஸ் டெக்கரின் ஆய்வகத்தில் கொஹீசினைப் போன்ற ஈஸ்ட் புரதமான கண்டென்சினின் ஒரே ஒரு மூலக்கூறு டி.என்.ஏவைக் கண்ணியாக இழுப்பதைப் படம் பிடித்தார்கள். விநாடிக்கு 1,500 கார இணைகள் வரை. மாதிரி முன்னால் போய், கண் பின்னால் வந்து சேர்ந்த அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் சங்கிலியில் இழுப்பான்களைச் சேருங்கள். ஒவ்வொரு இழுப்பானும் இரண்டு மணிகளைக் கட்டும் ஒரு பிணைப்பு. ஒவ்வொரு அடியிலும் அந்தப் பிணைப்பை வெளிப்பக்கம் ஒரு மணி நகர்த்துங்கள். சில நேரம் கழித்துக் கழற்றி வேறிடத்தில் போடுங்கள். சராசரிக் கண்ணி ஒன்றிரண்டு லட்சம் கார இணைகள் என்றால் உங்கள் கணக்கில் 20 முதல் 40 மணிகள். 5,000 என்ற அளவு இதற்குச் சற்றுத் தடிமன்தான், முடிந்தால் 2,000 ஆக்குங்கள். தொடுகைக் கோட்டை அப்படியே பார்க்காமல் ஒவ்வொரு தூரத்திலும் அதன் சாய்வை வரையுங்கள், புடைப்பு அதில் துலங்கும்.

கட்டும்போது பயன்படுத்தாத அளவீடு வேண்டும் என்றேனே, அது இங்கே இருக்கிறது. 2017இல் செல்லிலிருந்து கொஹீசினை நீக்கிப் பார்த்தார்கள். கண்ணிகள் மறைந்தன. ஆனால் செயலுள்ள பகுதிகளும் செயலற்ற பகுதிகளும் பிரிந்து நிற்பது மறையவில்லை, இன்னும் கூர்மையானது. உங்கள் மணிகளை இரண்டு வகையாக்கி, செயலற்றவை தம்முள் சற்று ஈர்த்துக்கொள்ளும்படி வையுங்கள். பிறகு இழுப்பான்களை எடுத்துவிடுங்கள். பிரிவினை தானாகக் கூர்மையாகிறதா என்று பாருங்கள். எதையும் திருகக் கூடாது.

ஒளிப்புள்ளி எழுதியது:

நான் நுண்ணோக்கி பக்கம். குரோமோசோம்களுக்கு ஒளிரும் சாயமிட்டுப் படம் எடுப்பது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, சராசரி பற்றி மேலே சொன்னது கண்ணால் பார்க்கும்போது இன்னும் கடுமையாக இருக்கும். ஒரே தட்டில் அடுத்தடுத்த இரண்டு செல்களில் ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் மும்மடங்கு வேறுபடுவது எனக்கு அன்றாடக் காட்சி. 2018இல் ஒரு குரோமோசோம் துண்டைப் படிப்படியாகச் சாயமிட்டு ஒவ்வொரு செல்லிலும் தடம் பிடித்தார்கள். கொஹீசின் இல்லாத செல்களிலும் உருண்டை உருண்டையான கூறுகள் இருந்தன. எல்லைகள் செல்லுக்குச் செல் வேறு வேறு இடத்தில் விழுந்ததால்தான் சராசரி வரைபடத்தில் அவை அழிந்து போயின. 2022இல் உயிருள்ள எலிக் கருத்தண்டுச் செல்களில் ஒரு கண்ணியின் இரு முனைகளையும் தொடர்ந்து பார்த்தபோது, முனைகள் இரண்டும் முழுமையாகச் சேர்ந்திருந்த நேரம் 3 முதல் 6 சதவீதம் மட்டுமே. ஹை-சி வரைபடத்தில் அழுத்தமான புள்ளியாகத் தெரிவது அது! ஆகவே உங்கள் சிமுலேஷனிலிருந்து சராசரித் தூரத்தை மட்டும் அச்சிடாதீர்கள். தூரங்களின் முழுப் பரவலையும் கொடுங்கள். எங்களைப் போன்றவர்கள் ஒப்பிடக்கூடியது அதைத்தான்.

இரண்டாவது, இடம். மனிதனின் 18ஆம், 19ஆம் குரோமோசோம்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று நெருக்கம். 18இல் மரபணுக்கள் குறைவு, 19இல் நெருக்கம். 1999இல் வந்த அளவீட்டில் 18 உட்கருவின் ஓரத்திலும் 19 நடுவிலும் இருந்தன. உங்கள் எட்டுச் சங்கிலிகளும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தக் கேள்வியை இன்னும் கேட்கவே முடியாது. சுவரும் வேண்டும், வேற்றுமையும் வேண்டும். இதற்கு ஒரு விடையை, அப்போது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த கௌதம் மேனனும், அவரோடு கணாயும் சென்குப்தாவும் 2014இல் முன்வைத்தார்கள். மரபணுக்கள் சுறுசுறுப்பாக உள்ள மணிகள் ஆற்றலைச் செலவழித்து அதிகம் அதிர்கின்றன, அவற்றுக்கு உயர்ந்த வெப்பநிலை கொடுத்தது போல நடத்தலாம் என்பது அவர்கள் கருத்து. அதிலிருந்தே 18 ஓரத்துக்கும் 19 நடுவுக்கும் வந்தன.

ஈர்ப்பு விதியைச் சோதிக்க எனக்கு மிகவும் பிடித்த இடம் எலியின் கண். விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோல் செல்களின் உட்கரு தலைகீழ். மற்ற செல்களில் ஓரத்தில் ஒட்டியிருக்கும் செயலற்ற ஹெட்டிரோகுரோமாட்டின் இங்கே நடுவில் ஒரே உருண்டையாகத் திரண்டிருக்கிறது. எலி பிறக்கும்போது அப்படி இல்லை, பிறந்த பின் சில வாரங்களில் மெல்ல மாறுகிறது. இரவில் நடமாடும் விலங்குகளில் அந்த உருண்டை நுண்ணிய வில்லைபோல ஒளியைக் குவிக்கிறது. 2009இல் இரினா சொலோவெய் குழு இதை வெளியிட்டபோது நான் மாணவி. ஒரு செல், பார்ப்பதற்காகத் தன் உட்கருவையே திருப்பிப் போட்டுக்கொள்கிறது என்பதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. 2019இல் அதே உட்கருவை மாதிரியாக்கினார்கள். ஹெட்டிரோகுரோமாட்டின் தன்னோடு தானே கொள்ளும் ஈர்ப்பு இருந்தாலே பிரிவினை வந்துவிடுகிறது. அதை ஓரத்துக்கு இழுப்பது உட்கருச் சுவரோடு உள்ள பிடிப்பு மட்டுமே. கோல் செல்லில் அந்தப் பிடிப்பைத் தரும் புரதங்கள் இல்லை.

எனவே உங்கள் மாதிரியில் சுவரின் ஈர்ப்பை ஒரு தனி எண்ணாக வையுங்கள். அதைச் சுழியமாக்கினால் உருண்டை நடுவுக்கு வர வேண்டும். ஓரத்திலேயே நின்றால் உங்கள் ஈர்ப்பு விதியில் ஏதோ தவறு.

தறிவீடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. மணிக்கு 2,000 கார இணைகள் என்று மாற்றினால் எட்டுச் சங்கிலிகளுக்கு 4 லட்சம் மணிகள் ஆகின்றன. கல்லூரிக் கணினி தாங்காது. நான்கு சங்கிலிகளாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் 4 கோடி கார இணைகளாக வெட்டி, 80,000 மணிகளோடு இழுப்பான்களைச் சேர்த்து நேற்று இரவு ஓட்டத் தொடங்கினேன். முதலில் இழுப்பான்களோடு, பிறகு அவை இல்லாமல். சுவரின் ஈர்ப்பு அதற்கு அடுத்த ஓட்டம். சாய்வு வரைபடம் வந்ததும் மூன்றையும் இதே இழையில் இடுகிறேன்.